இந்தப் பாத்திரம் யார் வீட்டுப் பாத்திரம்?

இந்த முறை கணினிப் பாடத்தில் பைதானில் புதிதாக எதையும் எழுதப் போவதில்லை. ஏற்கெனவே எழுதியது எங்கிருந்து வருகிறது, எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கப் போகிறோம். சப்பென்று இருக்கிறதே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு பாட்டி நான்கு நாள் அரை வயிற்றோடு இருந்த கதை இதில் இருக்கிறது.

நம்ம சனிக்கிழமை வகுப்புக்கு வருகிற தம்பி ஒருவன். ஐந்தாம் படிவம். அவன் பாட்டிக்கு இனிப்புநீர். காலையில் எழுந்ததும் விரலில் குத்தி அளவு பார்த்து, சுவரில் தொங்கும் நாள்காட்டியில் எழுதி வைப்பார்கள். பைதான் படிக்க ஆரம்பித்த ஆர்வத்தில், ஏழு நாள் அளவைக் கொடுத்தால் வாரச் சராசரியைச் சொல்லும் ஒரு சின்ன நிரலைத் தம்பி எழுதினான். நல்ல எண்ணம்தான். அந்த வாரத்து அளவுகள் இவை: 6.1, 6.4, 6.8, 6.3, 6.9, 6.6, 6.4. சராசரி கணக்குப் போட பைதானோடு வருகிற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மோட்யூலில் உள்ள மீன் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டான். ஓட்டினான். பிழைச்செய்தி எதுவும் இல்லை. திரையில் 9.1 என்று வந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கே பாட்டிக்குச் சோறு பாதியானது. ராத்திரி தோசை நின்றது. பிள்ளை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சொல்கிறான், தப்பாகவா இருக்கும்? பாட்டிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் படித்தவர் அவர். நான்காம் நாள் நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து பேரன் முன்னால் வைத்தார். "ஒரு நாள்கூட ஏழைத் தாண்டலையே, அப்புறம் எப்படிடா ஒம்போது வரும்?"

பாட்டி சொன்னதுதான் கணக்கு. சராசரி என்பது உள்ளதிலேயே பெரிய எண்ணைவிடப் பெரிதாக இருக்கவே முடியாது. இனிப்புநீருக்குச் சில மருந்துகளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கமே வந்துவிடும். அப்படி எதுவும் நடக்கவில்லை, நல்ல வேளை.

சனிக்கிழமை வந்ததும் வராததுமாகத் தம்பி சொன்னான்: "அக்கா, பைதான்லயே தப்பு இருக்கு." இப்படிச் சொல்கிறவர்களை நான் திட்டுவதில்லை. எப்போதாவது ஒருமுறை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்துகிற சராசரி ஃபங்ஷன் ஏழு எண்ணுக்கே தடுமாறுகிறது என்றால், அந்த ஃபங்ஷனைத்தான் கூப்பிட்டோமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிரலின் இரண்டாவது வரியில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன்: ஸ்டாட்டிஸ்டிக்ஸ், புள்ளி, ஃபைல். அந்த ஃபைல் என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, பின்னால் இரண்டு அடிக்கோடு. அதை பிரின்ட் செய். (ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே ஒலியை மட்டும் எழுதுகிறேன்.)

பைதான் நிறுவப்பட்ட கோப்புறையின் பாதை வந்திருக்க வேண்டும். வந்தது அவனுடைய சொந்தப் பயிற்சிக் கோப்புறை!

மூன்று மாதத்துக்கு முன்னால் ஐந்து பாட மதிப்பெண்ணுக்குச் சராசரி காண்கிற ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். அதை அவன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று பெயர் வைத்துச் சேமித்திருந்தான். உள்ளே அவன் எழுதிய ஃபங்ஷனின் பெயரும் மீன். மொத்தத்தைக் கூட்டி ஐந்தால் வகுக்கும். ஐந்து பாடம்தானே, அப்போது அது சரி. பாட்டியின் ஏழு அளவுகளின் கூட்டுத்தொகை 45.5. ஏழால் வகுத்தால் 6.5. ஐந்தால் வகுத்தால் 9.1.

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது போல அக்கா" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். அவன் கணக்கில் பிழை இல்லை. நிரலிலும் பிழை இல்லை. பெயர் ஒன்று, வீடு இரண்டு. அதுதான் விஷயம்.

பெயர் வெட்டிய பாத்திரம்

நம்ம வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பார்கள் இல்லையா? கோவிலில் அன்னதானம் என்றால் நாலு வீட்டு அண்டா, பத்து வீட்டுத் தூக்குச்சட்டி ஒரே இடத்தில் சேரும். கழுவிக் கவிழ்த்த பிறகு எல்லாம் ஒன்று போலத்தான் மின்னும். திருப்பிப் பார்த்து, விளிம்பில் இருக்கிற பெயரைப் படித்தால்தான் யார் வீட்டுது என்று தெரியும். பெயர் வெட்டாத கரண்டி வேறு வீட்டுக்குத்தான் போய்ச் சேரும், திரும்பி வராது.

நிரலிலும் அப்படித்தான். நீங்கள் மீன் என்று கூப்பிடும்போது அது வெறும் கரண்டி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புள்ளி மீன் என்பது பெயர் வெட்டிய கரண்டி. அதிலும் தம்பிக்கு நடந்தது போல, ஒரே பெயரில் இரண்டு வீடு இருந்தால்? வகுப்பில் இரண்டு குமார் இருந்தால் அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிடுகிறோமே, அது போல இன்னும் ஒரு படி மேலே போக வேண்டியதுதான். கோப்பின் முழுப் பாதை அந்த அப்பா பெயர்.

பைதான் ஒரு பெயரை எங்கெல்லாம் தேடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். இம்போர்ட் என்று எழுதியதும், இந்த ஓட்டத்தில் ஏற்கெனவே ஏற்றியவற்றின் பட்டியலைத்தான் அது முதலில் பார்க்கும். அதில் இருந்தால் அதையே கொடுத்துவிடும், வட்டில் இருக்கும் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நோட்புக்கில் வேலை செய்கிறவர்கள் கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி இம்போர்ட் போட்டும் பழையதே ஓடுகிறது என்று புலம்புவது இதனால்தான். கெர்னலை மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும்.

பட்டியலில் இல்லையென்றால், பைதான் இயந்திரத்துக்குள்ளேயே கட்டிவைத்தவற்றைப் பார்க்கும். சிஸ், டைம் இரண்டும் அந்த வகை. அதனால் டைம் என்று நீங்கள் ஒரு கோப்பு வைத்தாலும் அது இம்போர்ட்டில் மாட்டாது. அந்த வகையிலும் இல்லையென்றால் சிஸ் புள்ளி பாத் என்ற கோப்புறைப் பட்டியலில் வரிசையாகத் தேடும். ஒரு நிரலை நேரடியாக ஓட்டும்போது அந்தப் பட்டியலின் முதல் இடம் அந்த நிரல் இருக்கும் கோப்புறைக்குத்தான். பிறகு பைதான்பாத் என்ற மாறியில் நீங்கள் சொல்லிவைத்த இடங்கள், அடுத்து பைதானோடு வரும் நூலகம், அதற்கும் பிறகு நீங்கள் பிப் மூலம் இறக்கியவை இருக்கும் சைட்-பேக்கேஜஸ். எங்கே முதலில் கிடைக்கிறதோ அங்கேயே தேடல் நின்றுவிடும். அடுத்த இடத்தில் இதே பெயரில் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்காது, எச்சரிக்கவும் செய்யாது.

சொந்தக் கோப்புறைக்கு ஏன் முதல் மரியாதை? பெரிய நிரலை நாலைந்து கோப்பாகப் பிரித்து எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்றுதான். வசதிக்காகச் செய்ததுதான் இங்கே காலை வாரிவிட்டது. ராண்டம், ஸ்ட்ரிங், ஈமெயில், காலண்டர் என்று கோப்புக்குப் பெயர் வைக்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் இதில் விழுவார்கள். நானும் விழுந்தவள்தான். ஈமெயில் என்று பெயர் வைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

பைதான் 3.13 பதிப்பிலிருந்து ஓர் உதவி வந்திருக்கிறது. உங்கள் கோப்பின் பெயர் மூல நூலகத்தின் பெயரோடு மோதி, அதனால் ஒரு ஃபங்ஷன் கிடைக்காமல் போனால், "இந்தக் கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள்" என்று பிழைச்செய்தியிலேயே சொல்லும். ஆனால் தம்பிக்கு அது உதவியிருக்காது. அவன் கோப்பிலும் மீன் இருந்ததே! கிடைக்காமல் போனால்தானே பிழை வரும்? பிழைச்செய்தி வந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வராத பிழைதான் பாட்டியின் தோசையில் கை வைத்தது. 3.11 பதிப்பிலிருந்து பைதானை ஓட்டும்போது சிறுகோடு போட்டுப் பெரிய எழுத்து பி சேர்த்தால், நிரலின் கோப்புறையை அந்த முதல் இடத்தில் சேர்க்காமல் ஓட்டும். சந்தேகம் வரும்போது இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். விடை மாறினால் திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான்.

நட்சத்திரம் போட்டு இறக்குவது

பெயரை அழிக்க இன்னொரு வழி, "ஃப்ரம் மேத் இம்போர்ட்" என்று எழுதி நட்சத்திரக் குறி போடுவது. உள்ளே இருக்கிற எல்லாப் பாத்திரத்தையும் பெயர் அழித்துச் சமையலறையில் கொட்டுவது மாதிரி. மேத்திலும் ஸ்க்வேர்ரூட் உண்டு, நம்பை நூலகத்திலும் ஸ்க்வேர்ரூட் உண்டு. இரண்டையும் நட்சத்திரம் போட்டு இறக்கினால் கடைசியாக இறக்கியதுதான் நிற்கும். மைனஸ் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். மேத் வீட்டுது பிழை என்று சொல்லி நிரலை நிறுத்திவிடும். நம்பை வீட்டுது ஓர் எச்சரிக்கையோடு "எண் அல்ல" என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு இம்போர்ட் வரிகளையும் மேலே கீழே மாற்றிப் போட்டால் போதும், நிரலின் குணமே மாறிவிடும். இணையத்தில் பார்க்கிற பாடங்களில் இந்த நட்சத்திரத்தைத் தாராளமாகப் போட்டிருப்பார்கள். நம்ம வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஏற்கெனவே கலந்துபோன நிரல் கையில் கிடைத்தால், ஃபங்ஷனையே கேட்கலாம். மீன், புள்ளி, இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட மோட்யூல். அது எந்த மோட்யூலில் பிறந்தது என்று சொல்லும். இன்ஸ்பெக்ட் என்ற மோட்யூலில் கெட்சோர்ஸ்ஃபைல் என்று ஒன்று இருக்கிறது. அது கோப்பின் பாதையையே கொடுத்துவிடும். பைதானில் எழுதியவற்றுக்குத்தான் இது பேசும். சி மொழியில் எழுதி உள்ளே வைத்ததைக் கேட்டால் மறுத்துவிடும். நம்பை போன்ற சில நூலகங்கள் பிறந்த இடத்தின் பெயரை மறைத்து, வெளியில் தெரிய வேண்டிய பெயரைத் தாங்களே எழுதி வைப்பதும் உண்டு. அதனால் மோட்யூல் பெயரை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பாதைதான் தீர்ப்பு.

நோட்புக்கில் இன்னொரு வேடிக்கை. மாணவர் பட்டியலுக்கு லிஸ்ட் என்றே மாறிப் பெயர் வைப்பார்கள். பத்து செல் தாண்டி லிஸ்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டால், "இதைக் கூப்பிட முடியாது" என்று பிழை வரும். உங்கள் லிஸ்ட் முன்னால் நின்று பைதானுடைய லிஸ்டை மறைத்துவிட்டது. பைதானுடையது அழிந்துபோகவில்லை. டெல் லிஸ்ட் என்று எழுதி உங்களுடையதை அழித்தால் பழையது மீண்டும் தெரியும்.

கடைப் பெயரும் கூப்பிடும் பெயரும்

இதுவரை பார்த்தது கூப்பிடும் பெயர். பிப் மூலம் வாங்குகிற தொகுப்புக்கு இன்னொரு பெயர் இருக்கிறது. அதைக் கடைப் பெயர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புதிதாகப் படிக்கிறவர்களை அழ வைக்கிற இடம் இது.

படங்களைத் திருத்த பில்லோ என்ற தொகுப்பை வாங்குகிறீர்கள். நிரலில் பிஐஎல் என்று கூப்பிட வேண்டும். ஓப்பன்சிவி-பைதான் என்று வாங்கினால் சிவி2 என்று கூப்பிட வேண்டும். பைஎமல் என்று வாங்கினால் எமல். பியூட்டிஃபுல்சூப்4 என்று வாங்கினால் பிஎஸ்4. சைகிட்-லேர்ன் என்று வாங்கினால் எஸ்கேலேர்ன்.

பில்லோவுக்கு ஏன் இந்த விசித்திரம் என்றால், அதற்கு ஒரு குடும்பக் கதை உண்டு. பைதான் இமேஜிங் லைப்ரரி, சுருக்கமாக பிஐஎல், என்று ஒரு பழைய நூலகம் இருந்தது. 2009-இல் வந்த 1.1.7 பதிப்போடு அது நின்றுபோனது. அதிலிருந்து பிரிந்து 2010-இல் வந்ததுதான் பில்லோ. அதற்குள் உலகம் முழுக்க ஏகப்பட்ட நிரல்கள் பிஐஎல் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டன. அவற்றை உடைக்க வேண்டாமே என்று கூப்பிடும் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். கடைக்குப் பெயர் மாறினாலும் பழைய வாடிக்கையாளர் பழைய பெயரைச் சொல்லித்தானே வழி கேட்கிறார்!

இதன் எதிர்ப்பக்கம்தான் ஆபத்தானது. நிரலில் எஸ்கேலேர்ன் என்று பார்த்துவிட்டு, பிப் இன்ஸ்டால் எஸ்கேலேர்ன் என்று தட்டுவது இயல்பு. பல வருடம் அந்தப் பெயரிலும் கடையில் ஒரு வெற்றுத் தொகுப்பு இருந்தது, உள்ளே சைகிட்-லேர்னுக்கு வழிகாட்டிவிடும். சைகிட்-லேர்ன்காரர்களே வைத்திருந்ததால் தப்பித்தோம். 2023 டிசம்பர் 1 முதல் அந்தப் பெயரில் நிறுவினால் பிழைதான் வரும், சரியான பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பும். வேறு ஏதாவது ஒரு பெயரில், வேறு யாராவது கடை விரித்திருந்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் பின்னால் பார்ப்போம்.

இரண்டு கடைச் சரக்கு ஒரே கூப்பிடும் பெயரைப் பிடிக்க வந்தாலும் சிக்கல்தான். ஓப்பன்சிவி-பைதான், ஓப்பன்சிவி-பைதான்-ஹெட்லெஸ் இரண்டுமே சிவி2 என்ற ஒரே கோப்புறைக்குள் இறங்கும். இரண்டையும் நிறுவினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும். பிறகு ஒன்றை நீக்கினால் மற்றதும் பாதி செத்துப்போகும். ஒரு சூழலில் ஏதாவது ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று அதை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள்.

கூப்பிடும் பெயர் தெரியும், எந்தக் கடைச் சரக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பைதான் 3.10 முதல் இம்போர்ட்லிப் புள்ளி மெட்டாடேட்டா என்ற இடத்தில் பேக்கேஜஸ் அடிக்கோடு டிஸ்ட்ரிப்யூஷன்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கூப்பிட்டால், உங்கள் சூழலில் உள்ள ஒவ்வொரு கூப்பிடும் பெயருக்கும் அது எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். சிவி2-க்கு நேராக இரண்டு பெயர் நின்றால் மேலே சொன்ன சண்டை உங்கள் கணினியில் நடக்கிறது என்று அர்த்தம். எதிர்த்திசையில் போக, பிப் ஷோ என்று தட்டி, சிறுகோடு எஃப் சேர்த்து, கடைப் பெயரைக் கொடுங்கள். அந்தத் தொகுப்பு கொண்டுவந்த ஒவ்வொரு கோப்பையும் வரிசையாகக் காட்டும்.

இதெல்லாம் பிப்புக்கு எப்படித் தெரிகிறது? சைட்-பேக்கேஜஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். தொகுப்பின் பெயரும் பதிப்பு எண்ணும் சேர்ந்து, டிஸ்ட்-இன்ஃபோ என்று முடிகிற கோப்புறை ஒன்று இருக்கும். அதற்குள் ரெக்கார்ட் என்று ஒரு கோப்பு. கல்யாண வீட்டில் எந்த வீட்டிலிருந்து எத்தனை பாத்திரம் வந்தது என்று குறிப்பேடு வைப்பார்களே, அதுதான் இது. ஒவ்வொரு வரியிலும் ஒரு கோப்பின் பாதை, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஒரு நீளமான சரம், அளவு. நீக்கும்போது பிப் இந்தக் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாக எடுக்கிறது. கோப்பை யாராவது பிற்பாடு திருத்தியிருந்தால் கைரேகை ஒத்துப்போகாது. ஆனால் பிப் தானாக ஒப்பிட்டுப் பார்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும்.

எந்தப் பைதான்?

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தீர்வு ஒன்றுதான். பலர் மடிக்கணினியில் இரண்டு மூன்று பைதான் இருக்கும். ஒன்று தானாக வந்தது, ஒன்று நீங்கள் இறக்கியது, ஒன்று அனகோண்டாவோடு வந்தது. பிப் ஒரு பைதானுக்கு இறக்கும், நிரலை வேறொரு பைதான் ஓட்டும். "இன்ஸ்டால் பண்ணிட்டேன் அக்கா, ஆனா இல்லேங்குது" என்று வாரம் ஒருவராவது சொல்வார்கள். சிஸ் புள்ளி எக்ஸிக்யூட்டபிள் என்பதை பிரின்ட் செய்தால் ஓடுவது எந்தப் பைதான் என்று தெரிந்துவிடும். பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல், பைதான் சிறுகோடு எம் பிப் இன்ஸ்டால் என்று தட்டிப் பழகுங்கள். ஓட்டுகிற பைதானுக்கே இறங்கும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச் சூழல் அமைக்கிற வெனவ் வசதி 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்தே கூட வருகிறது. அதைப் பயன்படுத்தாமல் இருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. டெபியன் 12 போன்ற லினக்ஸில் பொதுப் பைதானுக்குள் பிப் இறக்கப் போனால் இப்போது தடுத்துவிடும். அந்தத் தடையை உடைக்கிற வழியைத் தேடாதீர்கள், தனிச் சூழல் போடுங்கள்.

வேறு மொழிகளில் இந்தத் தொல்லை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, உருவம்தான் வேறு. காமன் லிஸ்ப் என்ற பழைய மொழியில், நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு பெயரும் அந்த நேரத்தில் எந்தத் தொகுப்பு நடப்பில் இருக்கிறதோ அதற்குத்தான் சேரும். அதனால் தட்டுகிற இடத்திலேயே நடப்புத் தொகுப்பின் பெயர் தெரியும்படி வைத்திருப்பார்கள். ஈமாக்ஸில் ஸ்லைம் வைத்து எழுதும்போது, ஒரு ஃபங்ஷனை மட்டும் அனுப்பினால், கோப்பில் அதற்கு மேலே "இந்தத் தொகுப்புக்குள்" என்று அறிவிக்கிற வரி எங்கே இருக்கிறது என்று ஸ்லைம் தேடிப் பார்த்து அந்தத் தொகுப்பில் சேர்க்கும். ஆனால் தட்டுகிற இடத்துக்கு மாறிப்போய் அதே ஃபங்ஷனைக் கையால் எழுதினால், அங்கே நடப்பில் உள்ள தொகுப்பில் சேர்ந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு. நீங்கள் திருத்துவது ஒன்று, ஓடுவது இன்னொன்று. திருத்தத் திருத்தப் பழைய விடையே வரும். நம்ம தம்பி கதைதான்.

திட்டம் போட்டு வைத்த பெயர்

தம்பியின் கோப்பு தெரியாமல் மோதியது. தெரிந்தே மோத வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் பைடார்ச்சுக்கு நடந்ததைச் சொல்கிறேன். செயற்கை நுண்ணறிவுப் பாடம் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் அந்த நூலகத்தைத் தொடுவீர்கள்.

பைடார்ச் தினமும் ஒரு சோதனைப் பதிப்பை வெளியிடும். அதற்குத் துணையாக டார்ச்ட்ரைட்டன் என்ற ஒரு தொகுப்பைத் தங்கள் சொந்தக் கிடங்கில் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைப் பொதுக் கிடங்கான பைபிஐ-யில் அவர்கள் பதிந்து வைக்கவில்லை. யாரோ ஒருவர் அதே பெயரில் பொதுக் கிடங்கில் ஒன்றை ஏற்றிவிட்டார். பிப் பொதுக் கிடங்கில் இருந்ததையே எடுத்தது. டிசம்பர் 25 முதல் 30 வரை லினக்ஸில் பிப் மூலம் அந்தச் சோதனைப் பதிப்பை இறக்கியவர்களுக்கு இந்தப் போலி வந்து சேர்ந்தது. போலிக்குள் இருந்தது பயனர் பெயர், சூழல் மாறிகள், எஸ்எஸ்எச் சாவிகள், வீட்டுக் கோப்புறையின் முதல் 1000 கோப்புகள் என்று திரட்டி வெளியே அனுப்புகிற நிரல். இறக்கியதால் மட்டும் அது ஓடவில்லை, ட்ரைட்டன் என்று இம்போர்ட் செய்தால்தான் ஓடியது. அந்த மட்டில் பலர் தப்பினார்கள். பைடார்ச் குழு துணைத் தொகுப்பின் பெயரை பைடார்ச்-ட்ரைட்டன் என்று மாற்றி, பொதுக் கிடங்கிலும் அந்தப் பெயரைப் பதிந்து வைத்தது. அத்தோடு, உங்கள் சூழலில் இருக்கும் டார்ச்ட்ரைட்டனில் அந்தக் கெட்ட கோப்பு இருக்கிறதா என்று தேடிச் சொல்கிற ஒரு கட்டளையையும் வெளியிட்டது. கவனித்தீர்களா? அவர்கள் செய்யச் சொன்னதும் நம்ம தம்பி செய்ததும் ஒன்றுதான். இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற கோப்பு எது, அதைத் திறந்து பார்.

இப்போது இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. அரட்டைச் செயலியிடம் நிரல் கேட்டால் சில நேரம் இல்லாத தொகுப்பின் பெயரை வாய்கூசாமல் எழுதிக் கொடுக்கும். அந்த இல்லாத பெயரில் ஒருவன் கடை திறந்து வைத்தால் போதும். அதனால் அறிமுகமில்லாத பெயரை பிப்பிடம் கொடுப்பதற்கு முன்னால் பைபிஐ பக்கத்தைத் திறந்து, எப்போது பதியப்பட்டது, மூல நிரல் எங்கே இருக்கிறது, அந்த நூலகத்தின் சொந்த ஆவணத்தில் இதே பெயர்தான் இருக்கிறதா என்று இரண்டு நிமிடம் பாருங்கள். இரண்டு நிமிடம்தான்.

தம்பி அன்றைக்கே கோப்பின் பெயரை மாற்றினான். ஐந்து பாடச் சராசரி என்று நீட்டி முழக்கி ஒரு பெயர். மறுபடி ஓட்டினான். 6.5 வந்தது. நான் கேட்காமலே, விடைக்குக் கீழே மோட்யூலின் பாதையையும் காட்டும்படி ஒரு வரி சேர்த்தான். பாட்டிக்கு அந்தப் பாதை புரியாது என்றேன். "பாட்டிக்கு இல்லக்கா, எனக்கு" என்றான்.

அடுத்த சனிக்கிழமைக்குள் எல்லாரும் ஒன்று செய்துகொண்டு வாருங்கள். நீங்கள் கடைசியாக எழுதிய நிரலைத் திறந்து, அதில் இம்போர்ட் செய்த ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயத்தைத் தாளில் எழுதுங்கள்: கூப்பிடும் பெயர், கடைப் பெயர், கோப்பின் பாதை. பைதானோடு வந்ததென்றால் கடைப் பெயர் இருக்காது, அங்கே கோடு போட்டுவிடுங்கள். சிஸ், டைம் போன்றவற்றுக்குப் பாதையும் வராது, பிழைதான் வரும். பயப்படாதீர்கள், அவை இயந்திரத்துக்குள்ளேயே இருப்பவை. வேறு ஏதாவது ஒன்றின் பாதை எதிர்பாராத இடத்தைக் காட்டினால் எதையும் அழிக்காதீர்கள். மடிக்கணினியை அப்படியே வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து திறந்து பார்ப்போம்.